விசில் ஊதாத பந்து

உப்போடை ஊரில், கரிசல் காட்டையும் தீப்பெட்டி ஆபீஸ்களையும் வெயிலையும் தவிர பெரிதாகச் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லாத அந்த ஊரில், ஒரு ஹாக்கிப் பந்து கிட்டத்தட்ட ஒரு வருஷம் நிற்காமல் உருண்டுகொண்டிருந்தது. இதை நம்பாதவர்கள் உப்போடைக்குப் போய் எந்த வீட்டு வாசற்படியை வேண்டுமானாலும் குனிந்து பார்க்கலாம். நடுவில் ஒரு பந்து புகுந்து போகும் அளவுக்குச் செதுக்கியிருப்பார்கள், பின்வாசற்படியிலும் அப்படியே செதுக்கியிருப்பார்கள், ஏன் என்று கேட்டால் பந்து வரப்போக இருக்குமே என்பார்கள். எலி வரப்போக இருப்பதைச் சொல்வதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொல்வார்கள்.

அந்தப் பந்தை அந்த ஊரில் எல்லோரும் பார்த்தார்கள். ஆனால் அது ஓடவேண்டும், ஓடிக்கொண்டே இருக்கவேண்டும் என்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கிடந்தவள் ஒருத்திதான். அவள் பெயர் ஆவுடைத்தாய். கீழத்தெரு முக்கில் மாவு மில் வைத்திருந்த வெயிலுமுத்துவின் பெண்டாட்டி.

வெயிலுமுத்துவுக்கு இரண்டே இரண்டு வேலைகள்தான் தெரியும். ஒன்று மாவு அரைப்பது, இன்னொன்று ஹாக்கி பார்ப்பது. மில் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி வளர்ந்த தொண்டை என்பதால் கேலரியில் அவர் வாயைத் திறந்தால் எதிர்க் கோலில் நிற்கிறவன் திரும்பிப் பார்ப்பான். ஸ்டிக்கைத் தொட்டதில்லை, ஒரு நாளும் மைதானத்துக்குள் கால் வைத்ததில்லை. உப்போடையில் அப்படித்தான். ஆடுகிறவன் ஆடுவான், பார்க்கிறவன் பார்ப்பான். பந்து கேலரிக்கு வந்தால் கையால் எடுத்து உடனே உள்ளே போட்டுவிட வேண்டும், காலால் தொடக்கூடாது, மடியில் வைத்துக்கொள்ளக் கூடாது. வெளியூரிலிருந்து பெண் பார்க்க வந்த ஒரு மாப்பிள்ளை விளையாட்டுக்குப் பந்தைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டதற்காக, பந்தைத் திருப்பித் தராதவன் பெண்ணை எப்படி ஒழுங்காக வைத்திருப்பான் என்று கேட்டுச் சம்பந்தத்தையே முறித்துவிட்ட ஊர் அது.

ஒரு ஐப்பசி மாசம், அடைமழையில், மிளகாய் வற்றல் அரைத்துக்கொண்டிருந்த வெயிலுமுத்து பக்கவாதம் வந்து மில்லுக்குள்ளேயே விழுந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தது அவருடைய உடம்பு மட்டும்தான். பேச்சு இல்லை, பார்வை எதிலும் நிற்கவில்லை, ஊட்டினால் விழுங்குவார், படுக்க வைத்தால் படுப்பார். முப்பது வருஷத்துக்கு மேல் ஒன்றாகக் குடித்தனம் நடத்திய ஆவுடைத்தாயை, அவர் சுவரைப் பார்ப்பது போலப் பார்த்தார். அவள் மில்லையும் ஓட்டினாள், அவரையும் பார்த்துக்கொண்டாள், அழுகிற நேரத்தை மில் ஓடுகிற நேரமாக வைத்துக்கொண்டாள், யாருக்கும் கேட்காது என்பதால்.

அந்த வருஷம் கோப்பைப் போட்டிகள் ஆரம்பித்ததும், மாவு மூட்டை ஏற்றுகிற மூன்று சக்கர வண்டியில் அவரைச் சாய்த்து உட்காரவைத்து, அவளே மிதித்துக் கேலரிக்குக் கொண்டுபோனாள். ஆட்டம் தொடங்கி முதல் பந்து உருண்டதும் வெயிலுமுத்து நிமிர்ந்தார். “லேய், ரைட்டுல ஆள் நிக்கான், குடுலே!” என்றார். கேலரி மொத்தமும் திரும்பிப் பார்த்தது. ஆவுடைத்தாய் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஆட்டம் முடிந்து விசில் ஊதியதும் அவர் மறுபடி சுவரானார். டாக்டரிடம் சொன்னதற்கு, காரணமெல்லாம் எனக்குத் தெரியவில்லை, ஆட்டத்தை மட்டும் விட்டுவிடாதே அம்மா என்றார்.

அவள் விடவில்லை. அவரோ ஆடுகிறவர்களோடு மட்டும்தான் பேசினார், பக்கத்தில் இருக்கிறவளை ஏறிட்டும் பார்க்கவில்லை. அதைப் பற்றி அவள் குறைப்பட்டுக்கொள்ளவில்லை என்று சொன்னால் அது பொய். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, தன்னைத் தெரிந்துகொண்டு தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் போதும் என்றுதான் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வண்டியை மிதித்தாள். இன்றைக்கு இல்லை என்றால் அடுத்த ஆட்டத்தில் கூப்பிடுவார் என்று நம்பினாள். அடுத்த ஆட்டம் என்று ஒன்று இருக்கிறவரைக்கும் அவளுக்குப் புருஷன் இருந்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் ஆட்டக்காரர்களுக்கும் முதலாளிகளுக்கும் முட்டிக்கொண்டது.

உப்போடையில் நாலு டீம், நாலு டீமுக்கும் நாலு முதலாளிகள். அவர்களில் பெரியவர் தீப்பெட்டி ஆபீஸ் பால்பாண்டியன். ஒரு டீமில் கையெழுத்துப் போட்டவன் முதலாளி விட்டால் ஒழிய வேறு டீமுக்குப் போக முடியாது. அடிபட்டால் அவனவன் வீட்டில் போய்ப் படுத்துக்கொள்ள வேண்டியதுதான். மரியசெல்வம் என்கிற பையனுக்கு முழங்கால் சில்லு உடைந்தபோது அவன் முதலாளி ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு, வருகிற வழியிலேயே அவன் இடத்துக்கு வேறு ஆளைப் போட்டார். ஆட்டக்காரர்கள் கூடிப் பேசி, இனி இப்படி ஆடமாட்டோம் என்றார்கள். அவர்களுக்குத் தலைவன் ஞானதுரை, ஊரிலேயே பலமாக அடிக்கிறவன். ஸ்டிக்கும் பூட்ஸும் சோறும் போட்டு வளர்த்த கைக்கு நன்றி இதுதானா என்று கேட்டார் பால்பாண்டியன். நியாயம் ஆட்டக்காரர்கள் பக்கம்தான் இருந்தது, ஆவுடைத்தாய்க்கும் அது தெரியும். ஆனால் நியாயத்தைப் பார்த்து வெயிலுமுத்துவுக்குப் பேச்சு வராதே.

இறுதிப் போட்டி அன்று இரண்டு பக்கமும் சமமாக நின்று, ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் ஞானதுரையின் டீமுக்குப் பெனால்டி கார்னர் கிடைத்தது. அவன் ஓங்கி அடித்தான். பந்து ஸ்டிக்கை விட்டுக் கிளம்பிய அதே நொடியில், முன்னமே பேசி வைத்திருந்தபடி, இரண்டு டீம்காரர்களும் ஸ்டிக்கைத் தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்கள். கோல்கீப்பரும் உட்கார்ந்தான். யாரும் தடுக்காத பந்து கோல் கம்பத்தில் பட்டுத் திரும்பியது. அம்பயர் சுந்தரவேல், பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர், பாவம், விசிலை வாயில் வைத்தார். “ஊதாதீரும்!” என்று பால்பாண்டியன் எழுந்து கத்தினார், ஊதினால் ஆட்டம் முடிந்து கோப்பை யாருக்கு என்று தகராறு வரும். “ஊதாதீங்க சார்!” என்று ஞானதுரையும் கத்தினான், ஊதினால் போராட்டம் பிசுபிசுத்துப் போகும். ஜென்மத்தில் ஒரு தடவைதான் அவர்கள் இரண்டு பேரும் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள். சுந்தரவேல் விசிலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். முதலாளிகள் கேட்டைப் பூட்டச் சொன்னார்கள், பூட்டுவதற்குள் பந்து கேட்டைத் தாண்டித் தெருவுக்குப் போய்விட்டது.

போன பந்து நிற்கவில்லை. ரயில்வே கேட்டைத் தாண்டியது, சந்தைக்குள் கத்தரிக்காய்க் குவியல்களின் நடுவே வளைந்து போனது, பெருமாள் கோயிலைச் சுற்றியது, பள்ளத்தில் இறங்கிய அதே வேகத்தில் மேட்டில் ஏறியது, மறுநாள் காலையிலும் உருண்டுகொண்டிருந்தது. ஊர் இதற்காக ஆச்சரியப்படவில்லை. விசில் ஊதாத பந்து எப்படி நிற்கும் என்று டீக்கடையில் ஒருவர் கேட்டார், மற்றவர்கள் அதுதானே என்றார்கள். அந்த டீக்கடைப் பேச்சிலேயே இன்னொன்றும் முடிவாயிற்று. ஆட்டம் முடியவில்லை, ஆகவே பந்து போகிற இடமெல்லாம் மைதானம், ஆட்டத்தில் இருக்கிற பந்தைப் பார்க்கிறவர்கள் தொடலாகாது. அதனால் பந்து வந்தால் ஒதுங்கி நின்று கைதட்டினார்கள்.

மெல்ல மெல்ல ஊர் அதற்கேற்ப நடந்துகொள்ளப் பழகியது. கோலம் போடுகிறவர்கள் பந்து போக இடைவெளி விட்டுப் புள்ளி வைத்தார்கள், திறந்து கிடந்த சாக்கடைகளை, எத்தனையோ பேர் விழுந்தபோதும் மூடாத நகராட்சி, பந்துக்காகக் கல் போட்டு மூடியது, கல்யாண ஊர்வலத்துக்கு எதிரே பந்து வந்தால் நல்ல சகுனம் என்றும் இழவு வீட்டைச் சுற்றிப் போனால் போனவருக்கு நல்ல கதி என்றும் சொல்லிக்கொண்டார்கள், பஸ் டிரைவர்கள் பிரேக் போட்டுவிட்டு, “பந்து போகட்டும்” என்று பீடி பற்றவைத்தார்கள். முதலாளிகள், பந்து எங்கள் பணத்தில் வாங்கியது என்று ஆள்விட்டு மீன்வலை போட்டுப் பிடிக்கப் பார்த்தார்கள். வலை கிழிந்தது. ஆட்டக்காரர்கள், பந்து எங்கள் அடியில் போனது என்று ஸ்டிக்கைக் குறுக்கே வைத்தார்கள். தரையில் போட்டுவிட்டு வந்த ஸ்டிக்கைப் பந்து மதிக்கவில்லை, தாண்டிக் குதித்துப் போனது. பார்த்தவர்கள் இரண்டுக்கும் கைதட்டினார்கள்.

பந்து முதன்முதலில் கீழத்தெருவுக்கு வந்த அன்று ஆவுடைத்தாய் கம்பு அரைத்துக்கொண்டிருந்தாள். வாசலில் கட்டிலில் கிடந்த வெயிலுமுத்து திடீரென்று, “விடாத, விடாத, லெஃப்ட்டுல வெட்டு!” என்று கத்தியது மில் சத்தத்துக்கு மேலே கேட்டது. அவள் பெல்ட்டைத் தள்ளி மில்லை நிறுத்திவிட்டு ஓடிவந்தாள். பந்து தெருக்கோடியில் திரும்பிக்கொண்டிருந்தது. அது திரும்பியதும் அவர் வாய் மூடிக்கொண்டது.

அன்றிலிருந்து அவள் பந்தின் பின்னால் அலைந்தாள். அவரை மூன்று சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு, மில்லைப் பூட்டிப்போட்டுவிட்டு, பந்து போகிற வழியெல்லாம் மிதித்தாள். பந்து பக்கத்தில் இருக்கிறவரை அவர் பேசினார், விலகினால் அடங்கினார். வெயிலில் மிதித்தாள், மேட்டில் மிதித்தாள், கெண்டைக்கால் கல்லாகக் கட்டிக்கொண்டு படுக்கையில் புரண்டாள். எக்கா, கால் வலிக்கலையா என்று யாராவது கேட்டால், எனக்கென்ன நோவு என்று சிரித்துவிடுவாள். வீட்டில் ஒரு ஆள் படுத்தால் போதாதா, இன்னொரு ஆளும் வலி என்று சொல்லலாமா என்பது அவள் கணக்கு.

மாசங்கள் போகப்போகப் பந்தின் வேகம் குறைந்தது. அதற்காக அவள் முதலில் சந்தோஷப்பட்டாள், மெதுவாக மிதித்தால் போதும் என்று. அவர் பேச்சும் மெதுவானது. கத்தல் போய், பழைய பேச்சு வந்தது. மில் பெல்ட் தேய்ந்திருக்கும், மாற்ற வேண்டும் என்றார். இந்த வேப்பமரத்தை யார் வெட்டினார்கள் என்றார். இந்தப் போக்கில் போனால் ஒரு நாள் பக்கத்தில் இருக்கிறவளையும் பார்ப்பார் என்று அவள் காத்திருந்தாள். பிறகுதான் அவளுக்கு உறைத்தது, மெதுவாகிற பந்து ஒரு நாள் நின்றுவிடும் என்பது. பயத்தில் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

பால்பாண்டியன் வீட்டுக்குப் போனாள். அவர் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார், காப்பி கொடுத்தார்.

“மொதலாளி, ஆட்டத்தைத் திரும்ப நடத்துங்க. பந்து நின்னு போச்சுன்னா எங்க வீட்டு ஆளு போயிருவாக.”

“நானும் யாருக்காகம்மா இதெல்லாம் பண்ணுதேன்? ரசிகர்கள்தான் எங்களுக்குத் தெய்வம். அவனுகளைப் போய்க் கேளு.”

ஞானதுரை பஸ் ஸ்டாண்டு பக்கம் போராட்டப் பந்தலில் இருந்தான். எழுந்து நின்று கும்பிட்டான். பக்கத்தில் மரியசெல்வம் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான், முழங்கால் வீங்கித் திரும்பியிருந்தது.

“எக்கா, எங்களுக்கு மட்டும் ஆடணும்னு ஆசை இல்லையா? இந்தக் காலைப் பாருங்க. ரசிகர்களுக்காகவும்தான் போராடுதோம்.”

“ஒங்க நியாயம் எனக்குத் தெரியும்யா. அந்த நியாயத்துல எங்க வீட்டு ஆளுக்கும் ஒரு ஓரம் குடுங்கன்னுதான் கேக்கேன்.”

அவனைத் திட்டவும் அவளுக்கு மனசு வரவில்லை. மரியசெல்வத்தின் காலில் தன் கையாலேயே தைலம் தேய்த்துவிட்டு வந்தாள். இரண்டு பக்கமும் தெய்வம் என்றார்கள், இரண்டு பக்கமும் கும்பிட்டார்கள், தெய்வத்தை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தெய்வம் வண்டியை மிதித்துக்கொண்டு வீட்டுக்குப் போனது.

ஒரு நாள் காலையில், கல்யாண மண்டபத்தில் சமாதானக் கூட்டம் என்று சொன்னார்கள். ஆவுடைத்தாய் போகவில்லை. பந்து கீழத்தெருவுக்குள் வந்திருந்தது, ஒரு கோழிக்குஞ்சு முந்திப்போகிற வேகத்தில் உருண்டுகொண்டிருந்தது, அவள் அதன் பக்கத்திலேயே வண்டியை மெல்ல மெல்ல மிதித்துக்கொண்டிருந்தாள். வெயிலுமுத்து வானத்தைப் பார்த்தார், வீடுகளைப் பார்த்தார், வண்டியின் கைப்பிடியைப் பார்த்தார், கைப்பிடியைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார், கையிலிருந்து மெதுவாக மேலே பார்த்து அவள் முகத்தில் வந்து நின்றார்.

“ஆவுடை,” என்றார். “வண்டிய…”

தூரத்தில் கல்யாண மண்டபத்தில் விசில் ஊதிய சத்தம் கேட்டது. ஆட்டம் சமநிலையில் முடிந்தது, கோப்பை இருவருக்கும் பொது என்று பேசி முடித்து, கை குலுக்கி, போட்டோ எடுத்து, சுந்தரவேலை மேடைக்குக் கூப்பிட்டு ஊதச் சொல்லிவிட்டார்கள். பந்து நின்றது. வெயிலுமுத்துவின் கண்கள் அவள் முகத்திலேயே இருந்தன, ஆனால் உள்ளே ஆள் இல்லை.

“வண்டிய என்ன? சொல்லுங்க, வண்டிய என்ன?” அவள் அவரைத் தோளைப் பிடித்து உலுக்கினாள். தலை ஆடியது, அவ்வளவுதான். அவள் தெருவில் உட்கார்ந்து வாயில் அடித்துக்கொண்டு அழுதாள். மில் ஓடவில்லை, எல்லோருக்கும் கேட்டது. தெருவே வாசலுக்கு வந்து நின்றது.

அப்போது ஒரு கார் வந்தது. பால்பாண்டியனும் ஞானதுரையும் அதிலிருந்து மாலையோடு இறங்கினார்கள், பின்னால் சுந்தரவேல். அடிபட்டவனுக்கு இனி முதலாளியே வைத்தியம் பார்ப்பார், விரும்பினால் டீம் மாறலாம், அடுத்த வருஷத்திலிருந்து போட்டி முழுவதும் பட்டணத்தில், நீலத் தரை போட்ட மைதானத்தில், டிவியில் பார்க்கலாம். பால்பாண்டியன் இதையெல்லாம் தெருவுக்குச் சொல்லி, இத்தனை நாள் பொறுமையாக இருந்த ரசிகப் பெருமக்களுக்கு நன்றி என்று கும்பிட்டார். பந்தைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கப்போகிறோம் என்றார்.

“எடுத்துக் குடும்மா,” என்று கையை நீட்டினார். ஞானதுரையும் கையை நீட்டினான், சற்று முன் நடந்தது அவனுக்குத் தெரியாது.

ஆவுடைத்தாய் எழுந்தாள். உப்போடையில் யாரும் பந்தைத் திருப்பித் தராமல் இருந்ததில்லை, தெருவில் எல்லோரும் அவள் குனிந்து எடுப்பாள் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளும் குனியத்தான் போனாள். குனிந்தவள் பந்தைப் பார்த்தாள், வண்டியில் இருந்தவரைப் பார்த்தாள். இந்த ஒரு வருஷமும் பந்து நம் வாசலில்தானே ஓடியது, ஒரு தடவையாவது நாம் ஒரு தட்டுத் தட்டினோமா, ஒதுங்கி நின்று கைதட்டித் தட்டியே சாகவிட்டோமே என்று அவளுக்கு வயிறு எரிந்தது. நிமிர்ந்து, வண்டியில் கிடந்த மாவு தள்ளுகிற கட்டையை எடுத்தாள்.

“ஏம்மா, ஆட்டம் முடிஞ்சு போச்சு. விசில் ஊதியாச்சு,” என்றார் சுந்தரவேல்.

“அது ஒங்க ஆட்டத்துக்கு ஊதுன விசிலு, சார்வாள்.”

அடித்தாள். ஜென்மத்தில் ஸ்டிக் பிடிக்காத கை. பாதி அடி தரையில் பட்டு மண் பறந்தது, மீதி பந்தில் பட்டது. பந்து நொண்டிக்கொண்டு கொஞ்ச தூரம் உருண்டது.

“நீயா,” என்றார் வெயிலுமுத்து.

பந்து நின்றது. அவர் பேச்சும் நின்றது. ஆவுடைத்தாய் கட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்குள், பந்து நின்ற வாசலில் இருந்த கோப்பம்மாள், தீப்பெட்டி ஒட்டுகிறவள், கையிலிருந்த விளக்குமாற்றைத் திருப்பிப் பிடித்து ஒரு தள்ளு தள்ளினாள். பந்து ஞானதுரையின் காலை நோக்கி வந்தது. அவன் பாதத்தை நீட்டினால் நின்றுவிடும். அவன் மாலையோடு ஒதுங்கி வழிவிட்டான்.

“வண்டிய மிதிக்கே?” என்றார் வெயிலுமுத்து.

பிறகு யாரும் யாரையும் கேட்கவில்லை. ஒருவர் குடைக்கம்பால் தட்டினார், ஒருத்தி அகப்பையால் தட்டினாள், டெய்லர் அளவுகோலை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். எல்லோரும் கோணல்மாணலாக அடித்தார்கள், பாதி அடி தவறியது, பந்து தள்ளாடித் தள்ளாடிப் போனது, போனது. “ஏய், விடப்பா, அது என் பந்து!” என்று பால்பாண்டியன் கத்தியதை, மில் சத்தத்தில் பேச்சு முங்குவது போலத் தெருவின் சத்தம் முக்கிவிட்டது.

வெயிலுமுத்து பெண்டாட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெயிலில் கறுத்துப்போன முகத்தையும், ஒட்டிப்போன கன்னத்தையும், நரம்பு புடைத்த காலையும் பார்த்தார்.

“இம்புட்டு நாளும் நீயா மிதிச்சே? கால் வலிக்கலையா, ஆவுடை?”

எனக்கென்ன நோவு என்று சொல்லத்தான் அவள் வாய் திறந்தது.

“வலிக்கி,” என்றாள். “ரொம்ப வலிக்கி.”

அவர் நல்ல கையை நீட்டினார். பந்து தெருமுக்கை நெருங்கியிருந்தது, மெதுவாகிக்கொண்டிருந்தது, அந்தப் பக்கம் ரயில்வே கேட்டுத் தெருக்காரர்கள் தட்டுவார்களா மாட்டார்களா தெரியவில்லை, அவர் கை பாதி தூரம் வந்து தளர்ந்தது. ஆவுடைத்தாய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, மில் ஓடும்போது கத்துகிற குரலில், தெருவைப் பார்த்துக் கத்தினாள்:

“அடிங்க! நிப்பாட்டிராதீய, அடிங்க!”